ஹிமாஞ்சியோமா திசுவில் க்யூபிசிஆர்: "விஇஜிஎஃப்ஆர்-2 குறைந்தது" என்று எழுதலாமா?

குடமுருட்டி கேட்டது:

வணக்கம். கைக்குழந்தைகளுக்கு வரும் ஹிமாஞ்சியோமா என்ற ரத்தநாளக் கட்டி வளரும் கட்டத்திலும் சுருங்கும் கட்டத்திலும் சமிக்ஞை மரபணுக்களின் வெளிப்பாடு எப்படி மாறுகிறது என்று க்யூபிசிஆரில் (மரபணுவின் ஆர்என்ஏ அளவைப் பெருக்கி அளக்கும் முறை) பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆய்வகம் திருவாரூர்ப் பக்கம். திசு தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் அறுவை அரங்கிலிருந்து வருகிறது. சிகிச்சைக்காக வெட்டி எடுத்ததில் பேத்தாலஜிக்குப் போனது போக மிச்சம்தான் எங்களுக்கு. நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோர் ஒப்புதல் எல்லாம் கையில் இருக்கிறது.

இதுவரை "வளரும் கட்டம்" என்று எழுதி வந்தவை 4, "சுருங்கும் கட்டம்" என்று வந்தவை 7. டிரைசால் கரைசலில் ஆர்என்ஏ எடுத்து, 1 மைக்ரோகிராமிலிருந்து சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) செய்து, சைபர் கிரீன் சாயத்தில் ஓட்டினேன். ஒப்பீட்டு மரபணு (எல்லாச் சாம்பிளிலும் மாறாது என்று வைத்துக்கொள்ளும் அளவுகோல்) ஜிஏபிடிஹெச்.

விஇஜிஎஃப்ஆர்-2 (நாளம் வளரத் தூண்டும் விஇஜிஎஃப்பைப் பிடிக்கும் ஏற்பி) சுருங்கும் கட்டத்தில் ஏறத்தாழ 8 மடங்கு குறைவு. விஇஜிஎஃப்ஆர்-1 எந்தப் பிரைமர் ஜோடி (பெருக்க வேண்டிய பகுதியைக் குறிக்கும் டிஎன்ஏ துண்டுகள்) போடுகிறேனோ அதைப் பொறுத்து ஏறுகிறது, இறங்குகிறது. பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பி எல்லாச் சாம்பிளிலும் அழகாக வருகிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவைச் சிடிஎன்ஏ ஆக்கும் நொதி) போடாத குழாயிலும் அதே அழகோடு வருகிறது. எல்லாவற்றிலும் ஒரே அளவு ஆர்என்ஏ போட்டும் ஜிஏபிடிஹெச்சின் சிடி மதிப்பு (எத்தனையாவது சுழற்சியில் தெரிகிறது என்ற எண்; எண் ஏறினால் அளவு குறைவு) 19-லிருந்து 22 வரை ஆடுகிறது. சில சாம்பிள்களில் 260/230 விகிதம் (ஆர்என்ஏவின் தூய்மை அளவு) 1-ஐத் தாண்டவில்லை.

"சுருங்கும் கட்டத்தில் விஇஜிஎஃப்ஆர்-2 சமிக்ஞை அடங்குகிறது" என்று எழுதிவிடச் சொல்கிறார் வழிகாட்டி. எழுதலாமா? எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெண்ணாறு எழுதியது:

மரபணுவுக்குப் போகும் முன் ஒரு கேள்வி. அந்தப் பதினொன்றும் ஹிமாஞ்சியோமாதானா? க்ளூட்1 (சர்க்கரையைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்) சாயம் போட்டுப் பார்த்தீர்களா, இல்லை அனுப்பும் சீட்டில் எழுதியிருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டீர்களா?

கேட்பதற்குக் காரணம் உண்டு. "கேவர்னஸ் ஹிமாஞ்சியோமா" என்று சீட்டில் வருவதில் பாதிக்கு மேல் சிரைநாளக் குறைபாடாக இருப்பது பேத்தாலஜி மேசையில் இருப்பவர்களுக்குப் பழகிப்போன விஷயம். அது கட்டியே இல்லை. செல் பெருக்கமும் இல்லை. பிறக்கும்போதே முழு அளவில் இருக்கும் பிறவி ஹிமாஞ்சியோமா வேறு வகை. அதில் வேகமாகச் சுருங்குவது ஒன்று, சுருங்காமலே நிற்பது இன்னொன்று. இவற்றில் ஜிஎன்ஏக்யூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணுவில் 209-ஆம் இடத்துக் குளூட்டமின் மாறியிருப்பது 2016-இல் தெரியவந்தது. கப்போசிஃபார்ம் ஹிமாஞ்சியோஎண்டோதீலியோமா இன்னொரு தனிச் சாதி; அதில் நிணநாள அடையாளங்களான டி2-40, பிராக்ஸ்1 ஏறும், பிளேட்லெட் சரியும் ஆபத்தும் உண்டு. இவை எல்லாவற்றிலும் நாளச் சுவரில் க்ளூட்1 இருக்காது. குழந்தைப்பருவ ஹிமாஞ்சியோமாவில் மட்டும் வளரும்போதும் இருக்கும், சுருங்கும்போதும் இருக்கும். நார்த், வேனர், மிம் குழுவினர் 2000-இல் சொன்னது. இன்று வரை இதைவிட நம்பகமான ஒற்றை அடையாளம் வரவில்லை.

சீட்டில் "வேகமாகச் சுருங்கும் பிறவி வகை" ஒன்று "சுருங்கும் கட்டம்" என்று வந்து உங்கள் ஏழில் சேர்ந்திருந்தால், வேறு மரபணு மாற்றமுள்ள வேறு நோயைக் கூட்டிச் சராசரி போடுகிறீர்கள்.

செய்முறை: பத்து மடங்கு கொள்ளளவு 10% நடுநிலை ஃபார்மலின், 4 மைக்ரான் வெட்டு, பிஹெச் 6.0 சிட்ரேட்டில் பிரஷர் குக்கர் சூடு, பிறகு 3% ஹைட்ரஜன் பெராக்சைடு 10 நிமிடம். இந்தப் பெராக்சைடு படியைச் சுருக்காதீர்கள். சிவப்பணு நிறைந்த திசு. அணுக்களில் உள்ள இயற்கைப் பெராக்சிடேஸ் அணையாமல் இருந்தால் ஸ்லைடு முழுக்கப் பழுப்பாகி, எல்லாமே பாசிட்டிவ் போலத் தெரியும். வெளிக் கன்ட்ரோலுக்கு நஞ்சுக்கொடித் திசு. உள் கன்ட்ரோல் உங்கள் ஸ்லைடிலேயே இருக்கிறது: சிவப்பணுக்களின் விளிம்பும் நரம்புக் கற்றையைச் சுற்றிய உறையும் க்ளூட்1 பிடிக்க வேண்டும். அவை பிடிக்காத ஸ்லைடில் "நெகட்டிவ்" என்று எழுதவே கூடாது.

படிக்கும்போது நாளத்துக்குள் கிடக்கும் சிவப்பணுவைப் பார்த்துவிட்டு நாளம் பாசிட்டிவ் என்று எழுதும் தவறு மிகச் சாதாரணம். 40 மடங்கு லென்ஸில் போய்ச் சுவர் செல்லின் சவ்வே பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று ஹீமோசிடெரின். சுருங்கும் கட்டியில் பழைய ரத்தக்கசிவின் இரும்பு பழுப்புப் பொட்டுகளாகக் கிடக்கும். க்ளூட்1 சாயத்தில் வரும் டிஏபி நிறமும் அதே பழுப்பு. சந்தேகம் வந்தால் பக்கத்து வெட்டில் பெர்ல்ஸ் நீலச் சாயம் போடுங்கள், அல்லது சிவப்பு நிறம் தரும் ஏஇசி வினைப்பொருளுக்கு மாறுங்கள்.

"வளரும்", "சுருங்கும்" என்பதையும் ஸ்லைடிலேயே முடிவு செய்யுங்கள். பருத்த சுவர் செல்கள் நெருங்கி, குழல் திறப்பு சரியாகத் தெரியாமல், செல் பெருகுவதைக் காட்டும் கேஐ-67 பிடித்த கருக்கள் நிறைய இருந்தால் வளரும் கட்டம். நாளங்கள் விரிந்து எண்ணிக்கை குறைந்து, சுற்றிலும் அடித்தளச் சவ்வு தடித்து, இடையில் கொழுப்பும் நாரும் புகுந்திருந்தால் சுருங்கும் கட்டம். வெளியே தோல் சாம்பல் பூத்திருப்பதை வைத்து எழுதிய கட்டம், உள்ளே ஆழத்தில் வேறாக இருக்கலாம். ஒரே கட்டியில் இரண்டும் அக்கம்பக்கமாக இருப்பதும் உண்டு. அதனால் ஆர்என்ஏவுக்கு எடுக்கும் துண்டை ஒட்டிய துண்டே ஃபார்மலினுக்குப் போக வேண்டும்.

அரசலாறு எழுதியது:

வெண்ணாறு மேடம் சொன்னதை முடித்த பிறகு இதைப் படியுங்கள்.

நேரடி பதில்: எழுதக் கூடாது. 8 மடங்கு குறைவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது சமிக்ஞை அடங்கியதைக் காட்டவில்லை. அந்தத் துண்டில் எண்டோதீலியல் செல்கள், அதாவது நாளச் சுவர் செல்கள், குறைந்துபோனதைக் காட்டுகிறது. வளரும் கட்டி அநேகமாக முழுக்கச் சுவர் செல்லும் அதன் முன்னோடியும்தான். சுருங்கிய கட்டியில் பாதி கொழுப்பு. கேடிஆர், அதாவது விஇஜிஎஃப்ஆர்-2-இன் மரபணு, வெளிப்படுவது சுவர் செல்லில். கொழுப்பையும் நாரையும் சேர்த்து அரைத்தால் கேடிஆர் நீர்த்துத்தான் போகும். ஒவ்வொரு சுவர் செல்லிலும் அது முன்னிருந்த அளவே இருந்தாலும்.

உங்கள் தரவிலேயே சோதிக்கலாம். சிடிஹெச்5 மரபணுவுக்கு, அதாவது சுவர் செல்லின் அடையாளமான விஇ-கேடரினுக்கு, ஒரு பிரைமர் ஜோடி வாங்கி அதே சிடிஎன்ஏவில் ஓட்டுங்கள். உதாரணத்துக்கு வளரும் துண்டில் கேடிஆர் சிடி 24, சிடிஹெச்5 சிடி 23; சுருங்கும் துண்டில் கேடிஆர் 27, சிடிஹெச்5 26 என்று வருகிறது என்று வையுங்கள். மூன்று சுழற்சி, 8 மடங்கு, இரண்டிலும் ஒரே சரிவு. கேடிஆர் கழித்தல் சிடிஹெச்5 இரண்டிலும் 1. அப்படியானால் செல்லுக்குச் செல் மாற்றமே இல்லை. கேடிஆர் 28 ஆகி சிடிஹெச்5 26-லேயே நின்றால் மட்டும் செல்லுக்குள் பாதியாகக் குறைந்தது என்று பேச ஆரம்பிக்கலாம். சுவர் செல் அடையாளத்துக்குச் சிடி31 என்ற மரபணுவை (மேலே சொன்ன சிடி மதிப்பு அல்ல) மட்டும் நம்ப வேண்டாம். அது மோனோசைட்டிலும் பிளேட்லெட்டிலும் இருக்கிறது, ரத்தம் ஊறிய திசுவில் குழப்பும். பக்கத்துப் பாரஃபின் வெட்டில் எண்டோதீலியக் கருவில் பிடிக்கும் இஆர்ஜி சாயம் போட்டு, மொத்தக் கருக்களில் எத்தனை சதவீதம் எண்டோதீலியம் என்று எண்ணிவிட்டால் அந்த எண்ணும் சிடிஹெச்5-உம் ஒன்றை ஒன்று சரிபார்க்கும்.

சமிக்ஞை பற்றி எழுத ஆர்என்ஏ போதவும் போதாது. விஇஜிஎஃப்ஆர்-2 வேலை செய்கிறதா என்பது அதன் டைரோசின் 1175-இல் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்பதில் இருக்கிறது. ஏற்பியின் ஆர்என்ஏ அளவு மாறாமலே சமிக்ஞை பல மடங்கு ஏறலாம். 2008-இல் நேச்சர் மெடிசினில் வந்த ஜின்னின் குழுவின் ஆய்வு காட்டியதும் இதைத்தான்: ஹிமாஞ்சியோமா சுவர் செல்லில் என்எஃப்ஏடி என்ற படியெடுப்புக் காரணியின் செயல்பாடு குறைந்து, விஇஜிஎஃப்ஆர்-1 குறைகிறது. விஇஜிஎஃப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொறி ஏற்பி அது. பொறி குறைந்ததும் விஇஜிஎஃப் எல்லாம் ஏற்பி 2-க்குப் போய், அது ஓயாமல் இயங்குகிறது. பீட்டா-1 இன்டெக்ரின், டிஇஎம்8, ஏற்பி 2 மூன்றும் சேர்ந்த கூட்டு வழியாக இந்த அடக்கம் நடக்கிறது என்றார்கள். சில நோயாளிகளிடம் மட்டும் டிஇஎம்8-இலும் ஏற்பி 2-இலும் மரபணு மாற்றம் கிடைத்தது. "ஹிமாஞ்சியோமாவுக்குக் காரணம் விஇஜிஎஃப்ஆர்-2 மியூட்டேஷன்" என்று முன்னுரையில் எழுதிவிடாதீர்கள்; பெரும்பாலான கட்டிகளுக்கு அப்படி ஒன்றும் சொல்ல முடியாது.

ஆகவே உங்கள் ஆய்வுக்குக் கேடிஆர் தனியாக நிற்பதைவிட எஃப்எல்டி1-க்கும் (விஇஜிஎஃப்ஆர்-1-இன் மரபணு) கேடிஆருக்கும் உள்ள விகிதம் பொருளுள்ளது. இரண்டும் சுவர் செல்லில் இருப்பதால் கொழுப்பு நீர்ப்பது பெருமளவு கழிந்துபோகும்.

எஃப்எல்டி1 ஏன் பிரைமருக்குப் பிரைமர் மாறுகிறது என்றால், அதில் இரண்டு வடிவம் கலந்திருக்கிறது. சவ்வில் நிற்கும் முழு வடிவம் ஒன்று. 13-ஆம் இன்ட்ரானுக்குள் (ஆர்என்ஏ முதிரும்போது வெட்டி எறியப்படும் பகுதி; மிஞ்சி நிற்பது எக்ஸான்) ஓடி அங்கேயே முடிந்துவிடும் கரையும் வடிவம் இன்னொன்று. 13-ஆம் எக்ஸானுக்கு முன்னால் பிரைமர் வைத்தால் இரண்டும் சேர்ந்து வரும். முழு வடிவத்துக்கு 15-ஆம் எக்ஸானுக்குப் பின்னால் வையுங்கள். கரையும் வடிவத்துக்கு ஒரு பிரைமர் இன்ட்ரானுக்குள் விழுந்தே ஆக வேண்டும், அப்போது ஜீனோம் டிஎன்ஏவும் பெருகும். நஞ்சுக்கொடி கரையும் எஃப்எல்டி1-ஐக் கொட்டும் உறுப்பு. க்ளூட்1 சாயத்துக்கு அது நல்ல கன்ட்ரோல், எஃப்எல்டி1-க்கு ஒப்பீடாக வைத்தால் எதுவுமே குறைவாகத்தான் தெரியும். ஒப்பிட அதே கட்டியின் விளிம்புத் தோலை, அதுவும் அறுவைக்காகவே வெட்டியதில் வந்தால் மட்டும், எடுங்கள்.

பீட்டா-2 ஏற்பி விஷயம் எளிது. ஏடிஆர்பி2 மரபணுவில் இன்ட்ரானே கிடையாது. எக்ஸான் இணைப்பில் பிரைமர் வைக்கும் தந்திரம் செல்லாது. டிஎன்ஏ கொஞ்சம் மிஞ்சியிருந்தாலும் பெருகும். ஆர்என்ஏவைச் சுத்தம் செய்யும் வடிகுழாயில் ஒருமுறை டிஎன்ஏஸ் (டிஎன்ஏவைச் சிதைக்கும் நொதி), பிறகு கரைசலில் ஒருமுறை டிஎன்ஏஸ். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாத குழாய் உள்ள குழாயைவிடக் குறைந்தது 7 சுழற்சி பின்னால் வர வேண்டும். அதுவரை அந்த எண்ணை வெளியே காட்ட வேண்டாம்.

ஜிஏபிடிஹெச் ஆடுவதில் ஆச்சரியம் இல்லை. இந்தக் கட்டி ஆக்சிஜன் குறைவோடு தொடர்புடையது. ஆக்சிஜன் குறைந்தால் ஏறும் காரணியான ஹெச்ஐஎஃப்-1 ஏறினால் விஇஜிஎஃப்பும் க்ளூட்1-உம் ஏறுகின்றன, சர்க்கரைச் சிதைவு நொதியான ஜிஏபிடிஹெச்சும் கூடவே ஏறுகிறது. கொழுப்பு செல் உருவாகும்போதும் அது மாறும். இன்னொரு ஒப்பீட்டு மரபணுவான பி2எம் இன்டர்ஃபெரானுக்கு அசையும். டிபிபி, ஹெச்பிஆர்டி1, ஆர்பிஎல்பி0, யுபிசி, ஒய்டபிள்யூஹெச்ஏஇசட் என ஐந்தாறு ஒப்பீட்டு மரபணுக்களை எல்லாச் சாம்பிளிலும் ஓட்டி, எது நிலையாக நிற்கிறது என்று கணிக்கும் ஜீநார்ம் போட்டு, எம் மதிப்பு (ஆட்டத்தின் அளவு) 0.5-க்குக் கீழ் நிற்கும் மூன்றின் பெருக்கல் சராசரியை எடுங்கள். உங்கள் திசுவில் எது நிற்கும் என்பதைப் பிறர் கட்டுரையிலிருந்து கடன் வாங்க முடியாது.

260/230 குறைவு என்பது டிரைசாலின் குவானிடின் மிச்சம். கொழுப்புத் துண்டுகளில் இது அதிகம் வரும். 50 முதல் 100 மில்லிகிராம் திசுவுக்கு 1 மிலி டிரைசால். அரைத்ததும் குளோரோஃபார்ம் ஊற்றிவிடாமல், முதலில் 4 டிகிரியில் 12,000 ஜி 10 நிமிடம் சுற்றுங்கள். மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்து எறிந்துவிட்டு, கீழ்த் திரவத்தில்தான் 0.2 மிலி குளோரோஃபார்ம். மறுபடி 12,000 ஜி 15 நிமிடம். மேல் நீர் அடுக்கில் முக்கால் பங்கு மட்டும் உறிஞ்சுங்கள்; பேராசைப்பட்டால் நடு அடுக்கும் வரும், டிஎன்ஏவும் வரும். ஐசோப்ரோப்பனால் 0.5 மிலி, 75% எத்தனால் கழுவல் ஒன்றுக்கு இரண்டு முறை.

ரத்தத் திசு என்பதால் ஹீம் கலப்பும் இருக்கும். அது பாலிமரேஸை முடக்கும். கண்டுபிடிக்க: சிடிஎன்ஏவைப் பத்தில் ஒன்றாக நீர்த்துப் பக்கத்தில் ஓட்டுங்கள். 3.3 சுழற்சி தள்ள வேண்டும். 2-தான் தள்ளியது என்றால் நீர்க்காத குழாயில் தடுப்பான் இருக்கிறது. பிரைமரின் திறனைக் குறை சொல்லும் முன் இதைப் பாருங்கள்.

கடுவையாறு எழுதியது:

இத்தனை திருகுதாளம் எதற்கு? சிங்கிள் செல் ஆர்என்ஏ வரிசைமுறை செய்துவிட்டால் எந்த செல்லில் எது என்று நேரே தெரிந்துவிடும். 2026-இல் உட்கார்ந்து ஜிஏபிடிஹெச்சோடு மல்லுக்கட்டுவது தேவையா?

அரசலாறு எழுதியது:

காசும் புதுத் திசுவும் இருந்தால் தேவையில்லைதான். சிங்கிள் செல்லுக்கு உயிருள்ள செல் வேண்டும். கும்பகோணத்தில் வெட்டிய துண்டு திருவாரூர் வந்து நொதியில் கரைந்து சிப்புக்குள் போவதற்குள் சுவர் செல்கள் பாதி செத்திருக்கும். நொதியில் கரைக்கும்போதே ஃபாஸ், ஜுன் போன்ற அவசர மரபணுக்கள் ஏறிவிடும். அது ஆக்சிஜன் குறைவுச் சமிக்ஞையோடு கலந்தால் எதுவும் பிரியாது. கொழுப்பு செல் மிதந்துபோவதால் சுருங்கும் கட்டத்தில் அந்தப் பங்கே விடுபட்டுப்போகும். உறைந்த திசுவிலிருந்து கருக்களை மட்டும் பிரித்துச் செய்யும் முறை இதற்குப் பொருந்தும். ஒரு வளரும் துண்டு, ஒரு சுருங்கும் துண்டு என்று இரண்டை அதற்கு அனுப்பிவிட்டு, அதில் கிடைத்ததை மீதியெல்லாவற்றிலும் க்யூபிசிஆரில் சரிபார்ப்பது நல்ல ஏற்பாடு. மொத்தமாக அதிலேயே செய்வதென்றால் ஆய்வு நிதி முழுக்க இரண்டு சாம்பிளில் தீரும்.

செல்லைப் பிரிக்க இன்னொரு பழைய வழி இருக்கிறது. சிடி133 என்ற செல் அடையாளத்தைப் பிடிக்கும் காந்த மணிகளால் ஹிமாஞ்சியோமா ஸ்டெம் செல்லைப் பிரித்து, எலிக்குள் வைத்து, க்ளூட்1 உள்ள மனித நாளங்களும் பிறகு கொழுப்பும் உருவாவதை ஜாய்ஸ் பிஷாஃப் ஆய்வகம் 2008-இல் காட்டியது. வளர்வது, சுருங்குவது இரண்டையும் ஒரே செல்லிலிருந்து காட்டிய வேலை அது. விஇஜிஎஃப்-ஏ வெளியிடுவது சுவர் செல் அல்ல, இந்த ஸ்டெம் செல்தான் என்பதும் அதே ஆய்வகம் 2010-இல் காட்டியது. ஸ்டீராய்டு தடுப்பதும் அங்கேதான். ஆகவே குடமுருட்டி, உங்கள் பட்டியலில் விஇஜிஎஃப்-ஏ இருந்தால் அதைச் சிடிஹெச்5-ஆல் வகுக்காதீர்கள். அதற்கு வகுத்தி வேறு.

செல்லுக்குச் செல் பேசும் நாட்ச் சமிக்ஞைக் குடும்பமும் அப்படியே. ஜாக்1 சுவர் செல்லில், நாட்ச்3 ஸ்டெம் செல்லிலும் அது பெரிசைட் (நாளத்தை வெளியே தழுவும் செல்) ஆகும்போதும். இரண்டையும் ஒரே எண்ணால் வகுத்து "நாட்ச் பாதை ஏறியது" என்று பட்டை வரைபடம் போட்டால் பார்ப்பவருக்கு எந்தச் செல் எந்தச் செல்லோடு பேசுகிறது என்பதே தெரியாமல் போகும்.

குடமுருட்டி எழுதியது:

ரொம்ப நன்றி சார், மேடம். க்ளூட்1 போட ஏற்பாடு செய்கிறேன். இரண்டு சந்தேகம். பாஸ்பேட் ஏறியதைப் பார்க்கத் திசுவை எப்படிக் கொண்டுவருவது? டிரை ஐஸ் இங்கே கிடைப்பதில்லை. இன்னொன்று, ஏழில் எத்தனை குழந்தைகள் புரோப்ரனலால் (இந்தக் கட்டிக்குக் கொடுக்கும் பீட்டா ஏற்பித் தடுப்பு மருந்து) சாப்பிட்டவர்கள் என்று சீட்டில் இல்லை. அது அவ்வளவு முக்கியமா?

வெண்ணாறு எழுதியது:

டிரை ஐஸைத் தேடாதீர்கள். மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகம் ஒவ்வொன்றிலும் திரவ நைட்ரஜன் குடுவை இருக்கிறது. டெல்டாவில் அது இல்லாத ஒன்றியம் இல்லை. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. துறைக்கு முறையாகக் கடிதம் எழுதி, 3 லிட்டர் குடுவை ஒன்று சொந்தமாக வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது, காரில் கொண்டுபோனால் கண்ணாடி இறக்கியிருக்க வேண்டும். ஆவியாகும் நைட்ரஜன் வண்டிக்குள் ஆக்சிஜனைத் தள்ளிவிடும்.

அரங்கில் துண்டு வந்ததும் மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று ஃபார்மலின். ஒன்று ஆர்என்ஏலேட்டர்: ஒரு பக்கமாவது அரை சென்டிமீட்டருக்குள் இருக்கும்படி வெட்டி, திசுவைப் போல ஐந்து மடங்குக்குக் குறையாத திரவத்தில். சித்திரை வெயிலில் 37 டிகிரியில்கூட அது ஒரு நாள் தாங்கும், 25 டிகிரியில் ஒரு வாரம். வந்ததும் ஃப்ரீசரில் தள்ளாமல் முதல் இரவு 4 டிகிரியில் வையுங்கள், திரவம் உள்ளே ஊற வேண்டும். மூன்றாவது துண்டு நேராக நைட்ரஜனுக்கு. பாஸ்பேட் பார்க்க அது ஒன்றுதான் ஆகும்.

ரத்தநாளத்தைக் கட்டிய நேரம், துண்டு வெளியே வந்த நேரம், உறைந்த நேரம் மூன்றையும் செவிலியரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். நாளத்தைக் கட்டியதிலிருந்தே ஆக்சிஜன் குறைவு தொடங்கிவிடுகிறது. அரை மணி டிரேயில் கிடந்த துண்டில் ஹெச்ஐஎஃப் ஏறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் கட்டிக்கு எந்தப் பங்கும் இல்லை.

பாமணியாறு எழுதியது:

குழந்தை மருத்துவப் பக்கத்திலிருந்து. புரோப்ரனலால் பற்றிக் கேட்டது முக்கியமா என்றால், அதுதான் முதல் கேள்வியாக இருந்திருக்க வேண்டும்.

2008-இல் போர்தோவிலிருந்து அந்த மருந்து பற்றிய செய்தி வந்த பிறகு இந்த நோயின் போக்கே மாறிவிட்டது. 2015-இல் வெளியான பெரிய சோதனையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராம், 6 மாதம் கொடுத்ததில் 60 சதவீதக் குழந்தைகளுக்குக் கட்டி முழுதாகவோ கிட்டத்தட்ட முழுதாகவோ போனது. மருந்தில்லாக் குழுவில் 4 சதவீதம். அதனால் இன்றைக்கு வளரும் கட்டத்தில் யாரும் கத்தி வைப்பதில்லை. அப்படியும் வைத்தார்கள் என்றால் அந்தக் கட்டி புண்ணாகி ரத்தம் கசிந்ததாகவோ, கண்ணை மறைத்ததாகவோ, மருந்துக்கு அடங்காததாகவோ இருக்கும். உங்கள் நான்கு "வளரும்" சாம்பிள்களும் சாதாரண வளரும் கட்டிகளின் பிரதிநிதி இல்லை. புண்ணான துண்டில் அழற்சி செல்கள் கொட்டிக் கிடக்கும். சுருங்கும் ஏழும் பெரும்பாலும் மருந்து முடிந்து மிஞ்சிய தொங்குதோலாக இருக்கும். தானாகச் சுருங்கியதும் மருந்தால் சுருங்கியதும் ஒன்றா என்பதே தனிக் கேள்வி. இரண்டையும் ஒரே பையில் போட்டுவிட்டால் விடை வராது.

ஒவ்வொரு சாம்பிளுக்கும் இவை வேண்டும்: அறுவையன்று வயது, எத்தனை வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை, முதல் சிவப்பு எப்போது தெரிந்தது, பிறக்கும்போதே முழு அளவில் இருந்ததா, புரோப்ரனலால் அளவு, ஆரம்பித்த தேதி, நிறுத்திய தேதி, கடைசி வேளைக்கும் அறுவைக்கும் இடைவெளி, டிமோலால் சொட்டு, ஸ்டீராய்டு. பெரும்பாலான வளர்ச்சி முதல் 5 மாதத்துக்குள் முடிந்துவிடும். 14 மாதக் குழந்தையின் கட்டிக்கு "வளரும்" என்று எழுதி வந்தால் போன் போட்டுக் கேளுங்கள்.

வயதைக் கேட்கும்போது பெற்றோர் "கிரகணத்துல வெளியே போயிட்டேன், அதான்" என்று தொடங்குவார்கள். வெட்டிப் பேசாமல் விட்டுவிட்டு, கைபேசியில் பிறந்த வாரத்துப் படம் இருக்கிறதா என்று கேளுங்கள். முப்பதாம் நாள் தீட்டுக் கழிக்கும் அன்று எடுத்த படம் பெரும்பாலான வீட்டில் இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள். பிறவி வகையா பின்னால் வந்ததா என்பதற்கு அதைவிட நல்ல சான்று மருத்துவமனைக் கோப்பில்கூடக் கிடைப்பதில்லை.

மருந்தின் அளவையும் சீட்டில் உள்ளபடி நம்பாதீர்கள். குழந்தைக்கான திரவம் கிடைக்காத ஊர்களில் மாத்திரையைப் பொடித்து நீரில் கலக்கிக் கொடுக்கிறார்கள். எந்த மாத்திரை, எவ்வளவு நீர், எத்தனை மிலி என்று மூன்றையும் கேட்டால்தான் கிலோவுக்கு எவ்வளவு போனது என்று கணக்கு வரும். இந்தத் திரியைப் பெற்றோர் யாராவது படித்தால் ஒரு வார்த்தை: இது பால் குடித்த பின் கொடுக்கும் மருந்து. குழந்தை பால் குடிக்காவிட்டால், வாந்தி எடுத்தால், மூச்சு இழுத்தால் அந்த வேளையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்; ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும்.

குடமுருட்டி, பட்டியலில் இன்னொரு மரபணு சேர்க்க இடமிருந்தால் டிஐஓ3 சேருங்கள். தைராய்டு ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் 3-ஆம் வகை டியோடினேஸ். கல்லீரல் முழுக்க ஹிமாஞ்சியோமா இருக்கும் குழந்தைக்குச் சுரப்பி நன்றாக இருந்தும் தைராய்டு குறைந்துபோவது இதனால்தான். கட்டி ஹார்மோனைத் தின்றுவிடுகிறது. 2000-இல் வந்த விளக்கம். கட்டியின் மரபணு வெளிப்பாடு நேராக டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) சீட்டில் தெரியும் இடம் இது ஒன்றுதான் என் பார்வையில். தோலில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் கல்லீரலுக்கு ஸ்கேன் பார்ப்பது வழக்கம் என்பதால், அந்தக் குழந்தைகளின் ஸ்கேனும் தைராய்டு அளவும் கோப்பில் இருக்கும்.

குடமுருட்டி எழுதியது:

புரோப்ரனலால் பீட்டா ஏற்பியைத் தடுத்து விஇஜிஎஃப்பைக் குறைக்கிறது என்றுதான் எங்கள் முன்னுரையில் இருக்கிறது. ஏடிஆர்பி2 அளவு மருந்துக்கு யார் அடங்குவார்கள் என்று சொல்லுமா?

அரசலாறு எழுதியது:

சொல்லும் என்று நம்பி வேலை செய்ய வேண்டாம். பீட்டா-2, சைக்ளிக் ஏஎம்பி, பிகேஏ வழி உண்மைதான். கட்டி சீக்கிரமே வெளிறி மென்மையாவதற்கு நாளம் சுருங்குவது காரணம் என்பதும் ஏற்றுக்கொள்ளத் தக்கது. ஆனால் நாம் கொடுக்கும் புரோப்ரனலால் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களின் சரிபாதிக் கலவை. பீட்டா ஏற்பியைத் தடுப்பது எஸ் வடிவம். அந்த வேலையைச் செய்யாத ஆர் வடிவம், சாக்ஸ்18 என்ற படியெடுப்புக் காரணி ஜோடி சேர்வதைத் தடுக்கிறது என்று 2019-இல் வந்தது. ஹிமாஞ்சியோமா ஸ்டெம் செல் சுவர் செல்லாக மாறுவதையும் எலிக்குள் நாளம் உருவாவதையும் ஆர் வடிவம் தனியாகவே தடுத்துக் காட்டியது. அதன் பின் சாக்ஸ்18-க்குக் கீழே மெவலனேட் பாதை, அதாவது கொலஸ்ட்ரால் தயாராகும் வழி, இருப்பதாகவும் ஸ்டேட்டின் மருந்து அதே விளைவைத் தருவதாகவும் எலி ஆய்வு வந்திருக்கிறது. முன்னுரையைப் புதுப்பியுங்கள். பட்டியலில் சாக்ஸ்18, ஹெச்எம்ஜிசிஆர் (மெவலனேட் பாதை நொதியின் மரபணு) இரண்டையும் சேருங்கள்.

சாக்ஸ்18 ஜிசி (குவானின், சைட்டோசின்) மிகுந்த மரபணு. சாதாரண மிக்ஸில் பெருக மறுக்கும், உருகு வளைவில் இரண்டு கூம்பு காட்டும். 5% டிஎம்எஸ்ஓ சேர்த்துப் பாருங்கள். சேர்த்தால் இணைப்பு வெப்பத்தை 2 அல்லது 3 டிகிரி இறக்க வேண்டும், திட்ட வளைவைப் (நீர்ப்பு அளவுக்குச் சிடி மதிப்பு வரையும் கோடு) புதிதாகப் போட வேண்டும். சாய்வு மைனஸ் 3.1-க்கும் 3.6-க்கும் நடுவில் வந்தால் சரி. இந்த மரபணுவும் சுவர் செல்லுக்கே உரியது என்பதால் சிடிஹெச்5-ஆல் வகுக்கலாம்.

இன்னொன்று நினைவில் வையுங்கள்: சாக்ஸ்18-ஐ மருந்து தடுப்பது புரத அளவில். அதன் ஆர்என்ஏ குறையாமலே இருக்கலாம். மருந்து சாப்பிட்ட குழந்தையின் துண்டில் சாக்ஸ்18 ஆர்என்ஏ மாறவில்லை என்பதால் மருந்து அங்கே வேலை செய்யவில்லை என்று ஆகாது. அதன் கீழுள்ள இலக்கு மரபணுக்கள்தான் சாட்சி.

இப்போதிருக்கும் 11-ஐ வைத்து உடனே செய்யக்கூடியது: க்ளூட்1, இஆர்ஜி ஸ்லைடுகள், மறுபடி டிஎன்ஏஸ், ஒப்பீட்டு மரபணுக்கள் ஆறு, சிடிஹெச்5, 15-ஆம் எக்ஸானுக்குப் பின்னால் புது எஃப்எல்டி1 ஜோடி. ஒரு 96 குழித் தட்டில் ஒரு மரபணுவின் எல்லாச் சாம்பிள்களும் சேர்ந்து ஓடட்டும். பாதிச் சாம்பிள் இன்று, பாதி நாளை என்று பிரித்தால் தட்டுக்குத் தட்டு வேறுபாடும் கட்ட வேறுபாடும் ஒன்றாகிவிடும். 11 சாம்பிள் மும்முறை 33 குழி, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இல்லாதவை 11, வெறும் நீர் 3. மொத்தம் 47, ஒரு தட்டில் இரண்டு மரபணு அடங்கும், 2 குழி மிச்சம். இன்ட்ரான் தாண்டும் பிரைமர்களுக்கும் அந்த 11 குழியை முதல் ஓட்டத்தில் விட்டுவிடாதீர்கள், போலி மரபணு நகல்கள் உள்ளவை ஆர்பிஎல்பி0, ஜிஏபிடிஹெச் போல நிறைய.